காரில் பாட்டைத் தேடிப் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபாடோ பென்டிரைவோ பழைய எம்பி3 பிளேயரோ, எதையாவது காரில் செருகிவிட்டு, வேண்டிய பாட்டு கிடைக்காமல் ஸ்டீரியோவின் நாபை, அதாவது அந்தத் திருகு குமிழை, திருகிக்கொண்டே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காரில் இன்னும் 160 ஜிபி ஐபாட் கிளாசிக் ஒன்று ஓடுகிறது, கூடவே இரண்டு பென்டிரைவ். சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், ஊருக்குப் போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வந்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லாம் போனிலேயே ஸ்ட்ரீமிங்கில் வருகிறதே, இன்னும் ஏன் ஐபாட், பென்டிரைவ்?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், நல்ல பாட்டின் சரணத்தில் போய் நிற்கும். பென்டிரைவுக்கு சிக்னல் வேண்டாம், டேட்டா வேண்டாம், நடுவில் விளம்பரமும் வராது. அதோடு நாம் சேர்த்து வைத்த பழைய பாட்டுகளில் பல எந்த ஆப்பிலும் இல்லை. எனக்கு இந்தக் காரணமே போதும்.

இரண்டாயிரம் பாட்டு வைத்திருக்கிறேன், கேட்க நினைத்த ஒன்று மட்டும் கிடைப்பதே இல்லை. ஸ்டீரியோவில் தேடும் வசதி கிடையாதா?

போனில் தேடுகிற மாதிரி எழுத்து அடித்துத் தேடும் வசதி சாதாரண ஸ்டீரியோவில் கிடையாது. அதற்குத் தெரிந்தது பட்டியலைக் காட்டுவது மட்டும்தான். அந்தப் பட்டியல் இரண்டே வழியில் வரும். ஒன்று, பென்டிரைவில் நீங்கள் போட்ட ஃபோல்டர்களும் ஃபைல் பெயர்களும். இன்னொன்று, ஒவ்வொரு எம்பி3 ஃபைலுக்கு உள்ளேயும் ஒட்டியிருக்கும் டேக், அதாவது பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், இசையமைப்பாளர், வகை என்று எழுதி வைத்திருக்கும் சின்னக் குறிப்பு. ஐடி3 என்பது இதன் பெயர். 1996-ல் வந்த முதல் வடிவத்தில் பாட்டின் பெயருக்கு 30 எழுத்துதான் இடம், 1998-ல் வந்த இரண்டாம் வடிவத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது.

ஐபாடாக இருந்தால் முழுக்க டேக்கை நம்பித்தான் ஓடும், ஃபைல் பெயரைப் பார்க்கவே பார்க்காது. பென்டிரைவ் என்றால் பெரும்பாலான ஸ்டீரியோக்கள் ஃபோல்டர் வழியே போகும், சில மாடல்கள் எல்லா டேக்கையும் முதலில் படித்துப் பட்டியல் தயாரித்துவிட்டு அப்புறம் மெனு காட்டும். உங்கள் ஸ்டீரியோ எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மீதி வேலை எல்லாம் அதைப் பொறுத்தது. அந்த வேலையை வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்துவிட வேண்டும், காரில் ஏறியபிறகு அதில் எதையும் மாற்ற முடியாது.

ஐபாடைச் செருகியதும் அதன் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. பழுதா?

பழுது இல்லை. ஸ்டீரியோ கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது, அதனால் ஐபாட் திரையில் ஒரு அடையாளம் மட்டும் வந்து நிற்கும், சக்கரம் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. இனி ஸ்டீரியோவின் நாப்தான். பல ஸ்டீரியோக்களில் கட்டுப்பாட்டை மறுபடி ஐபாடுக்கே கொடுக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பின் சீட்டில் இருப்பவர் ஐபாடைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு மாற்றலாம். குடும்பத்தோடு போகும் நீண்ட பயணத்துக்கு நான் இதைத்தான் போடுவேன்.

ஐபாடின் பழைய, அகலமான முனை உள்ள 30 பின் கேபிளில் ஸ்டீரியோ ஒவ்வொரு பெயராக ஐபாடிடம் கேட்டு வாங்குகிறது, அந்தப் பேச்சுவார்த்தை மெதுவானது. ஐயாயிரம் பாட்டு உள்ள பட்டியலை வரிசையாக உருட்டினால் திக்கித் திக்கி வருவது அதனால்தான்.

நாபைத் திருகித் திருகி அலுத்துவிட்டது. குறுக்குவழி உண்டா?

உண்டு, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பயனியர் ஸ்டீரியோவில் பூதக்கண்ணாடி படம் போட்ட பட்டன் இருக்கும். பட்டியலுக்குள் இருக்கும்போது அதை அழுத்தினால் எழுத்து வரிசைத் தேடலுக்குப் போகலாம், நாபைத் திருகி எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர்களுக்கு நேராகத் தாவும். ஜேவிசியில் நாபை வேகமாகத் திருகினால் எழுத்து எழுத்தாகத் தாவும். கென்வுட்டில் மொத்தப் பட்டியலில் இத்தனை சதவீதம் என்று தாவும் அமைப்பு இருக்கிறது, பெரிய பட்டியலுக்கு அது ரொம்ப உதவி. சோனியின் சில மாடல்களில் ஸாப்பின் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒலிக்க விட்டுக்கொண்டே போகும், வேண்டியது வந்ததும் அழுத்தினால் அந்தப் பாட்டு முழுதாக ஓடும். பெயர் மறந்து மெட்டு மட்டும் நினைவில் இருக்கும் பாட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்டீரியோவோடு வந்த கையேட்டை எடுத்து இந்த ஒரு அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். கார் நிற்கும்போது பத்து நிமிடம் பழகிப் பார்த்தால் போதும்.

பாடகர் பட்டியலில் இளையராஜா ஐந்து இடத்தில் வருகிறார். எல்லாப் பாட்டையும் ஒரே இடத்தில் கொண்டுவர முடியாதா?

இங்கேதான் தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்களின் மொத்தத் தலைவலியும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டீரியோவுக்கு ஒரு புள்ளி, ஒரு இடைவெளி வித்தியாசமாக இருந்தாலும் வேறு ஆள்தான். இளையராஜா பெயரை ஆங்கில எழுத்தில் ஒற்றை எல், இரட்டை எல், நடுவில் ஒய், ஐ-யும் ஒய்-யும், கடைசியில் ஒரு ஏ, இரண்டு ஏ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மானுக்குப் புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், இடைவெளி விட்டு, விடாமல் என்று நான்கு வகை. எஸ்.பி.பி.க்குச் சுருக்கமும் உண்டு, முழுப் பெயரும் உண்டு. போதாக்குறைக்கு, ஒரு டூயட் பாட்டில் எஸ்.பி.பி., ஜானகி என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் ஸ்டீரியோ அந்த இருவரையும் மூன்றாவதாக ஒரு தனி ஆளாக எடுத்துக்கொள்ளும். என் தொகுப்பில் மூவாயிரம் பாட்டுக்கு எண்ணூறுக்கு மேல் 'பாடகர்கள்' வந்தார்கள். பல பெயர்களுக்குக் கீழே ஒரே ஒரு பாட்டு.

இணையத்தில் இறக்கிய பாட்டு என்றால் பாடகர், ஆல்பம் என்று எல்லா இடத்திலும் அந்தத் தளத்தின் பெயரே ஒட்டியிருக்கும், அதையும் முதலில் துடைக்க வேண்டும்.

இதற்குக் கணினியில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எல்லா ஃபைலையும் உள்ளே இழுத்துப் போட்டு, பாடகர் என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெயர் வரிசையில் அடுக்கிக் காட்டும். ஒரே ஆளின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே பெயராக மாற்றிச் சேமித்தால் முடிந்தது. நூற்றுக்கணக்கான பாட்டை ஒரே சொடுக்கில் மாற்றலாம். முதல் தடவை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போகும். அப்புறம் புதிதாகச் சேர்க்கும் பாட்டுக்கு மட்டும் பார்த்தால் போதும்.

பாடகர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது, பாடியவரா இசையமைத்தவரா?

ஆங்கிலப் பாட்டுக்குப் பாடுகிற ஆள்தான் முகவரி. நமக்கு அப்படி இல்லை. "ராஜா பாட்டு போடு", "எம்.எஸ்.வி. பாட்டு போடு" என்றுதான் வீட்டில் கேட்பார்கள், இல்லையென்றால் படத்தின் பெயரைச் சொல்வார்கள். அதனால் படத்தின் பெயர் ஆல்பம் இடத்தில், அதில் குழப்பமே இல்லை.

ஐபாடில் இசையமைப்பாளருக்கென்று தனி மெனு இருக்கிறது, ஐபாடோடு பேசும் பல ஸ்டீரியோக்களும் அதைக் காட்டும். அப்படி இருந்தால் டேக்கில் அதற்குரிய இடத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதி, பாடகர் இடத்தில் முதன்மைப் பாடகர் ஒருவரை மட்டும் எழுதுங்கள். ஆனால் பென்டிரைவைப் படிக்கும் ஸ்டீரியோக்களில் அந்த மெனு அவ்வளவாகக் கிடையாது. அதனால் காருக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து, அதில் பாடகர் இடத்திலேயே இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிடுகிறேன். பாடியவர் பெயரை, பாட்டின் பெயர் இடத்தில், முதல் சொற்களுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு அங்கேயே எழுதிவிடுவேன். இது தவறு என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் மூலத் தொகுப்பில் எல்லாம் முறையாகத்தான் இருக்கிறது, காரில் இருப்பது காருக்கானது.

தமிழில் பெயர் எழுதினால் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாக வருகிறது.

ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை, அதனால்தான். ஒற்றை வரித் திரை உள்ள பழைய ஸ்டீரியோக்களில் ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எதையும் காட்ட வழியே இல்லை. டச் ஸ்கிரீன் ஸ்டீரியோக்கள் சிலவற்றில் தமிழ் வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. டேக்கை எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றி வைக்கும் எந்த முறையில், சேமித்தோம் என்பது முக்கியம். ஐடி3-யின் 2.3 வடிவத்தில் தமிழை யூடிஎஃப்-16 ஆகத்தான் சேமிக்க முடியும், 2.4 வடிவம் யூடிஎஃப்-8 ஆகவும் சேமிக்க விடும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு 2.4 சரியாகப் படிக்க வராது, அதனால் ஆங்கிலத்தில் எழுதிய பெயரே கூடக் காணாமல் போகும். எம்பி3டேக்கின் அமைப்புகளில் 2.3, யூடிஎஃப்-16 என்று தேர்வு செய்துவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை சேமியுங்கள். திரையில் பெயரே வராத பாட்டுகளில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் கட்டம்தான் வருகிறது என்றால் வேறு வழியில்லை, ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். தமிழை அதன் எழுத்திலேயே காட்டாத கருவியை இத்தனை விலை கொடுத்து வாங்குகிறோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஆனால் எந்த எழுத்தில் தேடுவது என்றே தெரியவில்லை.

தமிழில் ஒரே 'க'. ஆங்கில எழுத்தில் அது கே-யிலும் போகும், ஜி-யிலும் போகும். 'த' என்றால் டைகருக்கு வரும் டி-யா டாக்குக்கு வரும் டி-யா என்று தெரியாது. 'ப'-வுக்கு இரண்டு பி. 'ச' எஸ்-ஸிலும் இருக்கும், சி-எச்சிலும் இருக்கும். 'எ'-யில் தொடங்கும் பாட்டைச் சிலர் இ-யில் எழுதுவார்கள், சிலர் முன்னால் ஒய் சேர்ப்பார்கள். 'வ'-வுக்கு வி, டபிள்யூ. எழுத்து வரிசையில் தாவும் வசதி இருந்தும் பாட்டு அகப்படாமல் போவது இந்த இடத்தில்தான்.

முடிவு எதுவானாலும் சரி, ஒன்றை எடுத்து எல்லாப் பாட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் எழுத்துக்கு மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்: 'க' என்றால் எப்போதும் கே, கங்கை என்றாலும் கே. 'த' என்றால் டைகர் டி-யோடு எச். 'ப' என்றால் பேரட் பி. 'ச' என்றால் எஸ். 'எ', 'ஏ' இரண்டும் இ. காதில் விழும் ஒலியைப் பார்க்காமல் தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதுவதால், தேடும்போது மனதில் தமிழில் நினைத்தாலே போதும், எந்த ஆங்கில எழுத்துக்குப் போவது என்பது தானாக வந்துவிடும். சொல்லின் நடுவில் இரட்டை ஏ போடலாமா, 'ழ'-வுக்கு என்ன எழுத்து என்பதெல்லாம் உங்கள் விருப்பம், வரிசையில் அது பெரிய வித்தியாசம் செய்யாது.

பெயரின் முன்னால் 01, 02 என்று டிராக் எண் இருந்தால் அதை டேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நூற்றுக்கணக்கான பாட்டுகள் எண்ணுக்குக் கீழே போய்க் குவியும்.

மனநிலைக்கு ஏற்ற பாட்டை உடனே எடுக்க ஒரு வழி சொல்லுங்கள்.

வகை என்ற டேக்கைப் பயன்படுத்துங்கள். அதில் சவுண்ட்டிராக், இந்தியன் என்று ஏதோ எழுதியிருக்கும், யாருக்கும் பயனில்லை. அந்த இடத்தில் நாம் விரும்பியதை எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. என் காரில் எட்டே வகைகள்: ராத்திரி, மழை, அதிகாலை, குத்து, பக்தி, அப்பாவுக்கு, பிள்ளைகளுக்கு, அப்புறம் தூக்கம் வரும்போது சத்தமாகப் பாட. டேக் மெனு காட்டும் ஸ்டீரியோவில் வகையைத் திறந்தால் இந்த எட்டும்தான் வரும், இரண்டு திருகல், ஒரு அழுத்து, பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் மட்டும் காட்டும் ஸ்டீரியோவாக இருந்தால் அதே எட்டுப் பெயரில் எட்டு ஃபோல்டர். ஐபாடில் பிளேலிஸ்ட்டாகவும் செய்யலாம். அடிக்கடி கேட்பது பட்டியலின் உச்சியில் வர வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் ஆங்கில ஏ எழுத்து இரண்டைச் சேர்த்துவிடுங்கள்.

பென்டிரைவில் வரிசையாகத்தான் போட்டேன், காரில் தாறுமாறாக வருகிறது.

நிறைய ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. பென்டிரைவில் எந்த ஃபைல் முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் எடுக்கும். கணினி நமக்கு அகர வரிசையில் அடுக்கிக் காட்டுவதால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தெரிகிறது, உள்ளே வரிசை வேறு. இதற்கு இரண்டு வழி. பென்டிரைவைக் காலி செய்து, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக வேண்டிய வரிசையில் காப்பி செய்யலாம். அல்லது விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சின்ன மென்பொருள்கள் உள்ளே இருக்கும் வரிசையையே மாற்றி எழுதிவிடும். பின்னால் ஒரு பாட்டைப் புதிதாகச் சேர்த்தால் அது கடைசியில் போய் நிற்கும், மறுபடி ஓட்டவேண்டும்.

64 ஜிபி பென்டிரைவை ஸ்டீரியோ படிக்கவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் ஃபார்மேட், அதாவது பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அதில்தான் பிரச்சினை. ஸ்டீரியோக்களுக்குப் பிடித்தது ஃபேட்32. கடையில் வாங்கும் 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-வைக் காட்டாமல் இருந்தது. ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால் செய்யலாம். ஆனால் என்னைக் கேட்டால் 16 ஜிபியே வாங்குங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் தரத்தில் (எண் கூடினால் ஒலித் தரமும் ஃபைல் அளவும் கூடும்) 12 எம்பி வரும், 16 ஜிபியில் ஆயிரத்து முந்நூறு பாட்டு. ஓடும் காரின் இரைச்சலில் 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 128 என்றால் மூவாயிரத்துக்கு மேல் அடங்கும்.

பாதி பாட்டைக் காணோம், சில ஃபைல்கள் எர்ரர் காட்டுகின்றன.

ஒரு ஃபோல்டருக்குள் இத்தனை ஃபைல், மொத்தம் இத்தனை ஃபோல்டர் என்று ஒவ்வொரு ஸ்டீரியோவுக்கும் உச்சவரம்பு உண்டு, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருந்தால் 255-க்கு மேல் காணாமல் போகலாம்.

மேக் கணினியில் காப்பி செய்தீர்கள் என்றால் வேறு கதை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட மறைவான குட்டி ஃபைலை மேக் எழுதி வைக்கும். ஸ்டீரியோ அதையும் பாட்டு என்று நினைத்து ஓட்டப் பார்க்கும். விண்டோஸ் கணினியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அவற்றை அழித்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்ததைப் பென்டிரைவில் போடலாமா?

முடியாது. அந்த ஃபைல்கள் பூட்டப்பட்டவை, அந்த ஆப்பில் மட்டுமே திறக்கும். சிடி வைத்திருந்தால் அதிலிருந்து எடுங்கள், அல்லது விலைக்கு வாங்கிய எம்பி3. ஐடியூன்ஸ் கடையில் 2009-க்குப் பிறகு வாங்கிய பாட்டுகளில் பூட்டு இல்லை.

புளூடூத்தில் பாட்டின் பெயர் வருகிறது, ஆனால் பட்டியல் வரவில்லை.

புளூடூத்தில் பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ஏவிஆர்சிபி என்று பெயர். அதன் முதல் வடிவத்தில் ஓட்டு, நிறுத்து, அடுத்தது, அவ்வளவுதான். 1.3-ல் பாட்டின் பெயர் வந்தது. பட்டியலைத் திறந்து பார்க்கும் வசதி 1.4-ல்தான். ஸ்டீரியோ, போன், பாட்டு ஓட்டும் ஆப் மூன்றும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், ஒன்று பழையது என்றாலும் பட்டியல் வராது. அப்போது கிளம்பும் முன் போனிலேயே பிளேலிஸ்ட்டைத் தொடங்கிவிட்டு, வழியில் ஸ்டியரிங்கில் இருக்கும் அடுத்தது பட்டனை மட்டும் பயன்படுத்துங்கள்.

போனை இணைத்தால் தினமும் அதே ஒரு பாட்டுதான் முதலில் வருகிறது, வெறுத்துவிட்டது.

இணைந்த உடனே ஸ்டீரியோ 'ஓட்டு' என்று கட்டளை அனுப்பும். என்ன ஓட்டுவது என்று நாம் சொல்லாததால் ஐபோன் அகர வரிசையில் முதல் பாட்டை எடுத்துவிடுகிறது. உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருந்ததால் 2017-ல் ஒருவர், ஏ எழுத்துகளால் பெயர் தொடங்கும்படி கிட்டத்தட்ட பத்து நிமிட மௌனத்தைப் பாட்டாக விற்றார், அமெரிக்காவில் நிறையப் பேர் வாங்கினார்கள். நீங்களே ஒரு அமைதியான ஃபைலைச் செய்து அதற்கு ஏ ஏ ஏ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது, அந்த இடத்தில் ஒரு நல்ல நாதஸ்வரப் பதிவை வைப்பது. காலையில் கார் எடுக்கும்போது அதுவே வரட்டும்.

ஒவ்வொரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் முதல் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது.

கடிகாரமும் பூஜ்யத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் ஒயரிங். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் தரவேண்டும், நினைவு அதில்தான் நிற்கும். சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும். எனக்கு ஸ்டீரியோ மாட்டிய கடையில் இரண்டையும் முறுக்கிச் சாவி லைனிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு வருடம் பென்டிரைவைத்தான் சந்தேகப்பட்டேன், மூன்று பென்டிரைவ் மாற்றினேன். கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் டாஷ்போர்டைக் கழற்றி மஞ்சளைப் பிரித்து பேட்டரி லைனில் கொடுத்தார், பத்து நிமிட வேலை. விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் கருவி வைத்திருக்கிறேன், அதில் எண் மட்டும்தான் தெரிகிறது.

அந்தக் கருவிகளோடு ஒரு சின்ன ரிமோட் வந்திருந்தால் எண்ணை நேரடியாக அழுத்தலாம், 147 என்றால் 147-ஆவது பாட்டு. ஆகவே ஃபைல்களை எழுதும் வரிசையைச் சரிசெய்து, எண்ணோடு பாட்டுப் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி ஓட்டுகிற ஒருவர் இப்படி ஒரு நோட்டே வைத்திருந்தார். சவாரிக்கு வருகிறவர் நோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார்.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் ஆக்ஸ் ஒயரில்?

ஸ்டீரியோவுக்கு ஒலி மட்டும் போகிறது, பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிளேயரில்தான் மாற்ற வேண்டும், வண்டியை நிறுத்திவிட்டு.

போனைக் காரின் திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் வாயால் சொல்லித் தேடலாமே?

தேடலாம். 2014-ல் கார்பிளே, 2015-ல் ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்தபிறகு திரை போனின் திரை மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் கட்டளை சொல்லி நடுவில் தமிழ்ப் பாட்டின் பெயரைச் சொன்னால் அது வேறு எதையோ எடுத்துக்கொண்டு வருகிறது. பாட்டின் பெயரைவிட, சின்னதாகப் பெயர் வைத்த பிளேலிஸ்ட்டைக் கேட்டால் சரியாக எடுக்கும். வண்டி ஓடும்போது நீண்ட பட்டியலைச் சுருக்கிக் காட்டும் கார்களும் இருக்கின்றன, அது குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஐபாட் டச்சில் கார்பிளே வராது, ஐபோன்தான் வேண்டும்.

ஓட்டிக்கொண்டே நாபைத் திருகினால் என்ன? இரண்டு நொடி வேலைதானே?

80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடியில் கார் 44 மீட்டர் போய்விடும். அந்த 44 மீட்டரையும் நீங்கள் பார்க்கவில்லை. நம் சாலையில் அந்த இடைவெளியில் ஒரு மாடு, எதிர்த்திசையில் வரும் ஒரு பைக், எது வேண்டுமானாலும் வரலாம். கையில் போனை வைத்துக்கொண்டு தேடினால் சட்டமும் சும்மா விடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதல் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டேக், வகை, வரிசை என்று இத்தனை நேரம் சொன்னதெல்லாம் கண் சாலையை விட்டு அகலாமல் பாட்டு மாற வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது ஐபாட் வாங்கலாமா?

புதிது கிடைக்காது. கிளாசிக்கை 2014-லும் கடைசியாக மிஞ்சிய டச்சை 2022-லும் நிறுத்திவிட்டார்கள். பழையது கிடைத்தால் உங்கள் ஸ்டீரியோவின் கேபிள் 30 பின்னா, 2012-ல் வந்த லைட்னிங்கா என்று பார்த்து வாங்குங்கள். மிகப் பழைய 30 பின் கேபிள்களில் 12 வோல்ட் வழியாக சார்ஜ் ஆகும், 2008-க்குப் பிந்தைய ஐபாட் பலவற்றில் அந்த வழி கிடையாது. பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. வாங்கினால் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு வராதீர்கள். 45 டிகிரி வரைதான் அதை வைக்கலாம், சித்திரை வெயிலில் மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

அப்பாவுக்கு மெனு, ஃபோல்டர் எதுவும் பழக்கமில்லை. அவர் காருக்கு என்ன செய்வது?

ஒரு சின்ன பென்டிரைவ், ஃபோல்டரே வேண்டாம், நாற்பது பாட்டு. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு என்று பதிந்து வாங்கினார்களே, அதே மாதிரி அவரிடமே ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய வரிசையிலேயே போடுங்கள், நீங்கள் மாற்றாதீர்கள். என் அப்பா எழுதிய தாள் இன்னும் அவர் காரின் கிளவ் பாக்ஸில் இருக்கிறது. 17-ஆவது பாட்டை இரண்டு தடவை எழுதியிருந்தார், 31-லும் அதே பாட்டு. மறந்துவிட்டாரோ என்று கேட்டேன், "இல்லப்பா, அது ரெண்டு தடவை வரட்டும்" என்றார். இரண்டு தடவையும் போட்டிருக்கிறேன்.